பிரேதத்தை ஒப்பனை செய்தல் பொய்யாகுமா?

சென்ற தவணையில் ஒருநாள், யாம் மேல்வகுப்பு மாணாக்கருக்குத் திருக்குறளிலே வாய்மை என்னும் அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்த மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, என் பாட்டனார் இறந்தபொழுது மலர்ச்சாலையார் அவருடைய முகத்துக்கு நிறமூட்டி, உறங்குகின்றவர்போலக் கிடத்தினார்கள். இறந்தவரை உறங்குகின்றவராகக் காட்டுதல் பொய்யன்றோ?" என்று வினாவினான். வகுப்பிற் சிலர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். விடை கூறுதற்கு ஒருநாள் அவகாசங் கேட்டோம். அவ்வினாவை ஆராயுந்தோறும் அது எம்மையே வினாவுவதாயிற்று. அவ்வாராய்ச்சியை, எம்மைப்போல நாடோறும் பிள்ளைகளின் முன் நிற்கின்ற ஆசிரியர்களின் பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

ஒரு செயலை நன்றென்றாதல் தீதென்றாதல் துணியுமுன், அச்செயல் இன்னதென்று அறிதல் வேண்டும். ஆதலால், பிரேதம் பதனிடுவோர் செய்வது யாதென்பதை முதலிற் கூறுவாம்.

உயிர் நீங்கிய சில மணி நேரத்துள் உடம்பு விறைக்கத் தொடங்கும். இரத்தம் ஓட்டமொழிந்து கீழ்ப்பக்கத்தே தங்கும், மேற்பக்கம் வெளிறும். உடம்பினுள்ளிருந்த நுண்கிருமிகள் தம் தொழிலைத் தொடங்கும். பதனிடுவோர் முதலிலே பிரேதத்தைக் கிருமிநாசினி கலந்த நீராற் கழுவுவர். விறைத்த கைகால்களை மெல்லத் தடவி மடக்கி நெகிழ்விப்பர். கண்ணிமைகளின் கீழே பஞ்சையாதல் சிறு மூடியையாதல் வைத்து அவற்றை மூடுவர். தாடையை நூலாலோ கம்பியாலோ உட்புறமாகப் பிணித்து, வாய் இயல்பாக மூடியிருக்கும்படி செய்வர். பின்பு, பெரும்பாலும் வலப்பக்கத்துக் கழுத்திலே சிறிது கீறி, அங்குள்ள பெருநாடியின் வழியாகப் போமலின் சேர்ந்த மருந்துநீரை இயந்திரத்தாற் செலுத்துவர். அதனருகேயுள்ள நாளத்தின் வழியாக இரத்தம் வெளியேறும். வளர்ந்த ஒருவருடைய உடம்புக்கு ஏறக்குறைய 8 முதல் 12 லீற்றர் வரை இந்நீர் வேண்டப்படும். போமலின் உடம்பிலுள்ள புரதங்களைப் பிணித்து இறுகச் செய்தலால், கிருமிகள் அவற்றைச் சிதைக்கமாட்டாவாகின்றன. அந்நீரிலே சேர்ந்துள்ள சாயம் தோலுக்குச் சிறிது செம்மையைக் கொடுக்கும். மார்பினுள்ளும் வயிற்றினுள்ளும் தங்கிய நீரையும் வாயுவையும் நீண்ட ஊசிக்குழலால் உறிஞ்சி, அவ்விடத்தும் மருந்துநீரை விடுவர். இறுதியிலே மீண்டுங் கழுவி, மயிர் வாரி, உடையுடுத்தி, முகத்துக்கு மெல்லிய பூச்சிட்டுப் பெட்டியிலே கிடத்துவர். இவ்வளவும் அடைத்த கதவினுள்ளே நடைபெறும்.

இத்தொழில் பழமையுடையது. பண்டை எகிப்தியர் பிரேதத்தை நேற்றன் என்னும் உவர்மண்ணிலே புதைத்து உலரச்செய்து, சணற்றுணியாற் சுற்றினர். இக்கிரியை எழுபது நாள் நடந்ததென்று கிரேக்க சரித்திராசிரியராகிய எரோதோத்தஸ் எழுதினர். நாடியின் வழியாக மருந்து செலுத்தும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டனில் உடற்கூறு கற்பித்த வில்லியம் ஹன்ரர் முதலானோர் வளர்த்தனர். அக்காலத்தில் அது கல்விக்குரிய கருவியாகவே பெரிதும் வழங்கிற்று. அது துக்கவீட்டுக்குரியதானது அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, அதாவது 1861 முதல் 1865 வரையுள்ள காலத்திலேயாம். தெற்கே போர்க்களத்தில் மடிந்த மைந்தரை வடக்கேயுள்ள தாய்தந்தையர் ஒருமுறை காணவேண்டுமென்று விரும்பினர். தோமஸ் ஹோம்ஸ் முதலிய வைத்தியர்கள் பிரேதங்களைப் பதனிட்டுப் புகைவண்டியில் அனுப்பினர். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1862இல் இறந்த தம் இளமைந்தனுடைய பிரேதத்தையும் பதனிடச் செய்தார். 1865 ஏப்பிரலிலே அவர் தாமே சுடப்பட்டு இறந்தபொழுது, அவருடைய பிரேதமும் அம்மைந்தனுடைய பேழையும் ஒரே புகைவண்டியில் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்பீல்ட் வரையும் சென்றன. வழியிலுள்ள நகரங்களிலே இலட்சக்கணக்கான சனங்கள் அவர் முகத்தைக் கண்டனர். அதன்பின் இவ்வழக்கம் அந்நாட்டில் எங்கும் பரந்தது.

இவ்வரலாற்றால் யாம் அறிவது யாதெனில், இவ்வழக்கம் தொலைவினாற் பிறந்ததென்பதே. மைந்தர் தொலைவிலே இறந்தமையால் அங்கே அது வேண்டப்பட்டது. நம்முடைய ஊர்களிலோ, மைந்தர் தொலைவிலே வாழ்கின்றமையால் வேண்டப்படுகின்றது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்துசேருமட்டும் தாய்தந்தையருடைய பிரேதத்தை வைத்திருத்தல் இக்காலத்து யாழ்ப்பாணத்தில் அரிதன்று. அந்தத் தேசங்களிலே இறக்கும் நம்மவரும் மலர்ச்சாலைகளிலே பார்வைக்கு வைக்கப்படுகின்றனர். ஆதலால் மாணாக்கன் வினாவியது பிறதேசத்தார் வழக்கத்தையன்று; நம் வீட்டு வழக்கத்தையே.

இனி, இவ்வொப்பனையை மறுப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

உயிர் நீங்கியபின் உடம்பு வெறுங் கூடு. அதனைக் கழுவலும் அணிசெய்தலும் பேதைமை என்பர் சிலர். இது சைவநூற் கருத்தென்றுங் கூறுவர். யாக்கை நிலையில்லாதது என்று நம் நூல்கள் வற்புறுத்தல் உண்மையே. ஆயினும் நிலையில்லாதது வேறு, இகழத்தக்கது வேறு. திருமூலர் தாமே உடம்பை முன்பு இகழ்ந்திருந்து, பின்பு அதனுள்ளே இறைவன் உறைதலைக் கண்டு பேணினமையைத் திருமந்திரத்திலே கூறியுள்ளார். கோயிலிலே ஒரு விக்கிரகம் பின்னமடைந்தால், அதனைத் தெருவில் எறிகின்றோமல்லேம். விதிப்படி நீரிலே சேர்க்கின்றோம். அஃது இனிப் பூசைக்கு உதவாதென்பது நமக்குத் தெரியும். முன்பு அதன்கண் நிகழ்ந்ததை நினைந்தே அவ்வாறு செய்கின்றோம். எண்பது ஆண்டு ஓர் ஆன்மா தன் வினையை நுகர்ந்ததும், பிள்ளைகளை வளர்த்ததும், இறைவனைக் கும்பிட்டதும் இவ்வுடம்பினாலன்றோ? ஆதலால் பேணுதல் பேதைமையன்று.

மாணாக்கன் கூறியபடி இது பொய்யென்பர் வேறு சிலர். பொய்யாவது, ஒருவனை உண்மையல்லாததை உண்மையென நம்பும்படி செய்தல். மரணவீட்டிற்கு வருவோருள் எவரும், ஒப்பனையைக் கண்டு, இறந்தவர் உயிரோடிருக்கின்றார் என்று நம்புவதில்லை. நம் பாட்டியர் கண்களை மூடிவிட்டதும், மோவாயைத் துணியாற் கட்டியதும், கால்விரல்களைச் சேர்த்துப் பிணித்ததும் அவ்வினத்துச் செயலேயாம். நோயினாற் சிதைந்த முகத்தைத் தாயின் கடைசி முகமாகப் பிள்ளைகள் நெஞ்சிற் கொண்டுபோகாவண்ணம் செய்தல் ஒருவருக்குந் தீங்கன்று. குற்றமற்ற நன்மையைத் தருமிடத்துப் பொய்யும் மெய்யின் பக்கத்தது என்பது வள்ளுவர் கருத்து. அங்ஙனமாயின், பொய்யென்றே ஐயுறப்படாத இச்செயலை யாது குறைகூறுவது?

ஆயினும் இதற்கோர் எல்லையுண்டு. ஒப்பனை உண்மையை மறைக்குமிடமும் உண்டு. அடியுண்டோ நஞ்சுண்டோ ஒருவர் இறந்தாரென்று ஐயம் நிகழுமிடத்து, மரண விசாரணை முடியுமுன் பிரேதத்தைப் பதனிட்டால், சாட்சி அழியும். அது நீதிக்குச் செய்யுந் துரோகமாகும். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்திலே எமெற் ரில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர் சிலராற் கொடுமையாகக் கொல்லப்பட்டான். அவனுடைய அன்னையார் சிக்காகோ நகரிலே, சிதைந்த அம்முகத்தை மூடிவைக்க உடன்படாது, பெட்டியைத் திறந்துவைத்து உலகம் காணச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் கண்டனர், புகைப்படமாகப் பத்திரிகையிலும் வெளிவந்தது. அந்நாட்டுக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு அம்முகம் பெருந்தூண்டுதலாயிற்று. ஈண்டு ஒப்பனை செய்யாமையே வாய்மையாயிற்று. ஒப்பனையே வாய்மைக்கு மாறானதென்று இதனாற் கொள்ளற்க. எதனை மறைக்கின்றோம், எவர் நன்மைக்காக மறைக்கின்றோம் என்பனவே ஆராயத்தக்கன.

இஃது இறந்தவரைக் காட்டிப் பொருள் பறிக்கும் வியாபாரம் என்பது இன்னுமொரு நியாயம். இதனை முற்றாக மறுத்தல் இயலாது. அமெரிக்கப் போர்க்காலத்திலேயே பதனிடுவோர் சிலர் துயருற்ற குடும்பங்களிடம் அளவிறந்த பணம் வாங்கினமையால், 1865 மார்ச்சிலே இராணுவத்தார் அவர்களுக்கு அனுமதிப்பத்திர விதி செய்தனர். 1963இலே ஜெசிக்கா மிட்போர்ட் என்னும் அம்மையார் அந்நாட்டு மரணச்சடங்கு வியாபாரத்தின் சூழ்ச்சிகளை ஒரு நூலாக எழுதி வெளிப்படுத்தினார். 1984இல் நடைமுறைக்கு வந்த அரசாங்க விதியின்படி, சட்டம் வேண்டாதவிடத்துச் சட்டம் வேண்டுகின்றதென்று கூறிப் பதனிடலை விற்றல் குற்றமாயிற்று. பதனிடாத பிரேதத்தால் ஊருக்கெல்லாம் நோய் பரவும் என்பதும் பெரும்பாலும் வெற்றச்சமே. தொற்றுநோயால் இறந்தாரை ஒழித்து, ஏனையோருடைய பிரேதங்களாற் கொள்ளைநோய் பரவுதல் அரிது. மாறாக, போமலினே அதனைக் கையாளுவோருக்குத் தீங்கு செய்வது. அதன் ஆவியாகிய போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004இலே துணிந்தனர். ஆதலால், வேண்டாதவிடத்து இதனைச் செய்வித்தல் இறந்தவருக்கும் பயனன்று, தொழிலாளருக்கும் தீங்கு. அன்றே தகனஞ் செய்யக்கூடிய குடும்பம், அயலாரின் பார்வைக்காகக் கடன்பட்டுப் பிரேதத்தைப் பலநாள் வைத்திருத்தல் தருமமன்று.

இவை யாவும் ஆராய்ந்தபின்பும், இவ்வினாவின் உயிர்நிலையை யாம் தொட்டிலேம். அதனை இனிக் கூறுவாம்.

உலகத்துச் சமயங்கள் பலவும் பிரேதத்தைக் கழுவுதலை அறமாகக் கொண்டிருக்கின்றன. யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, இயேசுவின் உடம்பைப் பரிமளதிரவியங்களோடு துணியிற் சுற்றி அடக்கினர் என்னும் வரலாற்றைக் கேட்டிருக்கின்றோம். முஸ்லிம்கள் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும், மறைக்க வேண்டுவனவற்றை மறைத்துக் கழுவி, வெள்ளைத் துணியாற் போர்த்துவர். யூதருள் இதற்கென்றே கூலிபெறாத சங்கத்தார் உளர். அவர்கள் வேலை முடிந்தபின், இறந்தவரைப் பெயர்சொல்லி அழைத்து, தாம் அறியாது ஏதேனும் அவமதிப்புச் செய்திருந்தாற் பொறுக்கும்படி வேண்டுவர். நம்மவரும் பிரேதத்தை நீராட்டிப் புத்தாடை உடுத்தித் திருநீறு சாத்தி, திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கின்றோம்.

இக்கடனின் அருமை அது மறுக்கப்பட்டபொழுது விளங்கிற்று. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய்க் காலத்தில், இலங்கையில் அந்நோயால் இறந்தார் யாவரையும் எரித்தலே வேண்டும் என்ற விதி பிறந்தது. முஸ்லிம் குடும்பங்கள் தம்மவரைக் கழுவவும் அடக்கவும் மாட்டாது அழுதன. அடக்கஞ் செய்தற்கு 2021 பெப்ருவரியிலேதான் அனுமதி கிடைத்தது. 2024இலே அரசாங்கம் அதன்பொருட்டு மன்னிப்புக் கேட்டது. நம்மவரும் அக்காலத்திலே முத்திரையிட்ட பெட்டியைத் தூரநின்று கும்பிட்டனர். அன்றியும், போரிலே காணாமற்போன பிள்ளைக்கு நீராட்ட ஓர் உடம்புங் கிடையாத தாய்மார் இன்னும் நம் அயலிலே இருக்கின்றனர். அவர்களைக் கேட்டால், ஓர் உடம்பைக் கையாற் றொட்டுக் கழுவுதல் எத்துணைப் பேறென்று கூறுவர்.

அப்பேற்றை இப்பொழுது நாம் பிறர் கையிலே கொடுத்துவிட்டோம். கொடுத்தவர்களை எவ்வாறு நடத்துகின்றோம்? ஈண்டு எம்முடைய குற்றத்தைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மலர்ச்சாலையில் வேலைசெய்வாரொருவருடைய மைந்தன் எம் வகுப்பிலே படித்தான். மதிய உணவு வேளையிற் பிற பிள்ளைகள் அவனோடு இருந்து உண்ணார். "பிணம் தொட்ட கையாற் பிசைந்த சோறு" என்று ஒருவன் சொல்லியது எம் செவியில் விழுந்தது. அவன் வேம்பின் கீழே தனியே இருந்து உண்டதை யாம் கண்டோம். பிள்ளைகளின் விளையாட்டென்று கருதினோம் என்று சொல்லலாம்; அஃது உண்மையன்று. எம் மனத்திலும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆதலாற் பேசாதிருந்தோம்.

பின்பு எம் அன்னையார் தமது எண்பத்துநான்காம் வயதிலே தேகவியோகமடைந்தனர். கனடாவிலிருந்து எம் இளைய சகோதரர் வருமட்டும் மூன்று நாள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. மலர்ச்சாலையிலிருந்து வந்தவர் அம்மாணாக்கனுடைய தந்தையார். அவர் வெந்நீரும், அன்னையார் வழக்கமாக உடுத்த சேலையும் கேட்டார். உதவிக்கு உடனிருந்த எம் சகோதரி பின்பு எமக்குக் கூறியது இது: போர்த்த துணியை அவர் வேண்டுமளவுக்கு மேலே ஒருகாலும் விலக்கவில்லை, கையைத் திருப்பும்பொழுதெல்லாம், "அம்மா, கையைத் திருப்புகிறேன்" என்று மெல்லச் சொல்லியே திருப்பினார்.

இடையிலே அவர் கதவைச் சிறிது திறந்து எம்மை வினாவினார்: "ஐயா, அம்மா திருநீறு எப்படிப் பூசுவார்? மூன்று குறியாகவோ, பரவப் பூசியோ?"

யாம் விடை அறிந்திலேம். திருநீறு தரிக்கும் விதியை முப்பது ஆண்டு வகுப்பிலே கற்பித்த யாம், எம்மைப் பெற்ற தாயின் நெற்றியை ஒருநாளாவது நோக்கினோமல்லேம். எம் மகள் அருகே வந்து, "அப்பாச்சி ஒருவிரலால் நடுநெற்றியிலே சிறிதாக வைப்பார்" என்றாள். கதவு திறந்தபொழுது அன்னையார் அவ்வாறே இருந்தனர். அது பொய்யாயின், எம் வாழ்நாளில் யாம் கண்ட மெய்களுள் அதனினும் மெய்யாயது யாதென்று அறியேம்.

வேலை முடிந்தபின் அவருக்குத் தேநீர் கொணர்ந்தோம். அவர் தம் பையிலிருந்து ஒரு குவளையை எடுத்து நீட்டினார். நம் வீடுகளிலே தமக்குக் குவளை கொடார் என்பது அவர் அநுபவம். அவ்வநுபவத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாமே. எம் வீட்டுக் குவளையிலே தேநீரைக் கொடுத்தோம். அவர் சிறிதுநேரம் தயங்கியே வாங்கினார். அவருடைய மைந்தனைக் குறித்து வினாவினோம். படிப்பை விட்டுக் கொழும்பிலே கடையொன்றில் நிற்கின்றான் என்றார். அதன்மேல் யாம் ஒன்றும் பேசமாட்டாதவரானோம்.

மரண ஆசௌசம் நம் நூல்களிலே கூறப்பட்டது. அதற்குக் காலமும் ஸ்நானமும் உள. காலங்கழிந்தால் அது நீங்கும். தொழில்செய்வார் குடும்பத்தின்மேல் தலைமுறைதோறும் நாம் ஏற்றிய இழிவு நூலிற் கூறப்பட்டதன்று. நம் உள்ளத்தின் அழுக்கு. அது ஸ்நானத்தாற் போகாது.

மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. பதனிடுவார் வேலைசெய்யும் அறையிலே எவரும் இல்லை. அவர் முன்னே கிடப்பவர் முறையிடமாட்டார். அவமதித்தாலும் ஒருவருக்குந் தெரியாது. மதித்தாலும் ஒருவரும் புகழார். ஆகவே அங்கே செய்யப்படும் அன்பு, வேறெவ்விடத்துச் செய்யப்படும் அன்பினுங் கலப்பற்றது. நம் தொழிலும் சிறிது அத்தன்மையதே. வகுப்பறைக் கதவை அடைத்தபின், முறையிட அறியாத சிறுபிள்ளைகளின் முன்னே நாம் தனித்து நிற்கின்றோம். அங்கே யாம் எவ்வாறு நடந்தோம் என்பதை வேம்பின் கீழிருந்த பிள்ளை அறிவான், இறைவன் அறிவான்.

மறுநாள் வகுப்பிலே அம்மாணாக்கனுக்கு விடை கூறினோம். "உன் பாட்டனார் முகத்தை ஒப்பனை செய்தது பொய்யன்று. உங்களை ஏமாற்றுதற்கன்று, உங்களைத் தேற்றுதற்கே அது செய்யப்பட்டது. குற்றத்தை மறைக்கவோ, பணம் பறிக்கவோ, ஊரார்முன் பெருமை காட்டவோ செய்தால் மட்டும் அது தீதாகும்" என்றோம். அதன்பின், வேம்பின் கீழிருந்த பிள்ளையின் கதையையும், அதில் எம்முடைய பங்கையும், ஒன்றும் ஒளியாது சொன்னோம். வாய்மை அதிகாரத்தை அன்றுதான் உள்ளபடி கற்பித்தோமென்று நினைக்கின்றோம்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் அத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கலாம். மலர்ச்சாலைத் தொழிலாளர் பிள்ளையாக, பறையறைவோர் பிள்ளையாக, சுடலையில் விறகடுக்குவோர் பிள்ளையாக இருக்கலாம். நாளை மதிய வேளையில் அவன் எங்கே இருந்து உண்கின்றான் என்று பாருங்கள். தனியே இருந்தால், உங்கள் உணவையும் எடுத்துக்கொண்டு அவனருகே போய் இருங்கள். நம் தாய்தந்தையருடைய கடைசி நீராட்டை அவன் தந்தையின் கையிலே ஒப்புவிக்கின்ற நாம், இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கின்றோம்.